சட்டைப் பையில் ஒரு செவ்வரளி

எங்கள் குலதெய்வம் கருப்பராயன் கோயிலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பிப் போவார்கள். வேல் இருக்கும், அரிவாள் இருக்கும், மண் குதிரை இருக்கும். அதெல்லாம் எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் கருப்பராயன் காலடியில் கூடவே வரிசையாகப் பம்புச் சக்கரங்களும் இருக்கும். இம்பெல்லர் என்போம். பம்புக்குள் சுற்றித் தண்ணீரை மேலே தூக்கிவிடுவது அதுதான். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் அதைத்தான் செய்கிறோம். வருசா வருசம் ஆடி மாசத்தில், அந்த வருசத்துப் புது மாடலின் முதல் உருப்படியைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைப்பது அப்பா ஆரம்பித்த வழக்கம். அப்பா போய்ப் பல வருசமாகிறது. வழக்கம் போகவில்லை. ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் பூசாரியிடம், "இது சாமியோட சக்கராயுதமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, அஞ்சு எச்.பி." என்றாராம் பூசாரி.

அந்தக் கோயிலில்தான் போன ஆடியில் நான் சாமியை ஏமாற்றப் போனேன். ஏமாந்தது யார் என்பது இன்னும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பணக்காரன் என்றால் யார் என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: காலையில் போன் வராதவன். எனக்கு ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும். டூல் உடைஞ்சுபோச்சுங்க. லாரிக்காரர் எடுக்கமாட்டேங்கறாருங்க. காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் என்னோடு நடக்கிறவர் ஒருவர் மில்லை விற்றுவிட்டு, வெள்ளை வெளேரென்று புது ஷூ போட்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கிறார். ஷூவைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கைவீச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதே ஷூவை நானும் வாங்கி, நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். போன் அடித்தது.

அந்த நேரம் பார்த்துப் புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி பட்டறையை விலைக்குக் கேட்டது. மிஷின்களையும் ஆர்டர்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஷெட் மூடப்படும். இருபத்தெட்டுப் பேருக்கு வேலை இருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேகமாகப் படித்துவிட்டு, வால்பாறையில் தேயிலைக்கு நடுவே ஒரு சின்ன வீடு கட்டிச் சாய்வு நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் நின்று நிதானித்தேன்.

ஒரே சிக்கல், பட்டறை நிற்கும் நிலம் என் அம்மா பேரில் இருந்தது. கையெழுத்து வேண்டும்.

"போட்டுடறேன் கண்ணு," என்றாள் அம்மா. "கருப்பராயங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போட்டுடறேன்."

"சாமிக்கு எதுக்கும்மா இந்த வெசனமெல்லாம்?"

"சக்கரம் வேண்டாமான்னு அதுகிட்டக் கேக்கோணுமல்ல? அடுத்த ஆடிக்கு அது முன்னால என்னத்தைக் கொண்டுபோய் வெக்கறது? உன்ற பேங்குப் பாஸ்புக்கையா?"

என் மனைவியிடம் ஆதரவு தேடினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வித்துப்போட்டுப் பகலெல்லாம் ஊட்டுல இருந்து என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

"நிம்மதியா இருப்பேன்."

"நீங்க இருப்பீங்க. நானு?"

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே அளவான இரண்டு பொட்டலம் கட்டுவார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் செவ்வரளி. கேள்வியை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டையும் சாமி காலடியில் போட வேண்டும். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத கை ஒன்று, பெரும்பாலும் சின்னக் குழந்தையின் கை, ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். கிணறு வெட்டுவது முதல் கல்யாணம் வரை இப்படித்தான். என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள், வெள்ளை வந்தது. "மறுக்கா ஒருதரம் கேட்டுப் பாத்திருக்கலாமுங்க," என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

எனக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு. ரிசல்ட் மேல்தான் கிடையாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தபோது, எனக்குள் இருக்கும் தொழிலதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று விடியற்காலையில் அம்மா இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை வாழைநாரால் கட்டிச் சாமி அறையில் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் உள்ளே போய் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. அடுத்ததைப் பிரித்தேன். செவ்வரளி. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் பறித்து வந்த நந்தியாவட்டையை அதற்குப் பதிலாக வைத்தேன். இதுவரைக்கும் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கட்டும்போதுதான் கஷ்டம். வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு முடிச்சுதான் போடத் தெரியும், அதை ஷூவில் போடுவேன். வாழைநாரில் இரண்டு காது வைத்த அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு சத்தம் கேட்டது. இரண்டு பொட்டலத்துக்கும் அதையே போட்டுவிட்டு ஓடிவந்தேன். இரண்டும் ஒரே மாதிரிதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

காரில் நாலு பேர். நான், அம்மா, என் மனைவி, எங்கள் போர்மேன். அவரும் என் வயதுதான். வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, லேத் வேலை கற்றுக்கொள்ள மலையிறங்கி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் ஏழரை மணிக்கு எங்கள் ஷட்டரைத் திறப்பார். சாவிக்கொத்து அவரிடம்தான் இருக்கும், முதலாளியான என்னிடம் ஒரு சாவிகூடக் கிடையாது. முதல் சக்கரத்தை யார் கடைந்தாரோ அவர்தான் சுமந்து வர வேண்டும் என்பது அப்பா வைத்த முறை என்பதால் ஆடிக்கு ஆடி அவரும் வருவார். தேங்காய், பழம், செவ்வரளி மாலை, இரண்டு பொட்டலம் எல்லாம் இருந்த கூடை அம்மா மடியில். சக்கரம் போர்மேன் மடியில்.

காங்கேயத்தில் டீக்கு நிறுத்தினோம். அம்மாவும் மனைவியும் கூடையோடு காரிலேயே இருந்தார்கள். போர்மேன் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "வால்பாறைல ஊடு கட்டப் போறீங்களாமா முதலாளி?" என்றார்.

எனக்குப் புரையேறியது. "யாருங்க சொன்னா?"

"பட்டறைல எல்லாருந்தான் பேசிக்கறாங்க. அங்க போயி என்னங்க பண்ணுவீங்க? மழை நிக்காதுங்க. அட்டை காலோட வந்து ஒட்டிக்கும். நாங்க அதுக்குப் பயந்துதான் கீழ வந்தோம், நீங்க காசு குடுத்து அதுகிட்டப் போறீங்க." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூடிப்போட்டா எனக்குத்தானுங்க சங்கட்டம். இந்த வயசுல வேற பட்டறைல போயி நின்னா, கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டுவியான்னு கேப்பாங்க. எனக்குக் காதுலதானுங்க வேலை. சத்தத்த வெச்சுத்தான் டூல் பிடிக்குதா இல்லையான்னு சொல்லுவேன்," என்றார்.

"நம்ம கையில என்னங்க இருக்குது? சாமி என்ன சொல்லுதோ பாப்போம்," என்றேன். அப்போது என் முகத்தில் இருந்த பக்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானே கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டேன்.

கோயில் கொடுமுடிக்குப் போகும் வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அன்று பள்ளிக்கூட நாள், எடுக்கக் குழந்தை இல்லை.

"ஊட்டு ஆளுக எடுக்கப்படாதுங்க தம்பி," என்றார் பூசாரி. "நானும் எடுக்கப்படாது. சம்பந்தமில்லாத கை வேணும்."

நான் போர்மேனைக் கைகாட்டினேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேறு ஆள் இல்லாததால் அவரைக் காட்டினேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். ரோட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் இருந்தார், கூப்பிட்டிருக்கலாம். இரண்டிலும் வெள்ளைதான் என்பது எனக்குத் தெரியும். நாளைக்குப் பட்டறையை மூடும்போது அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால், "நீங்களே எடுத்த பூதானுங்களே" என்று சொல்லிவிடலாம். அவருடைய வேலையை அவர் கையாலேயே பறிக்க ஏற்பாடு செய்தேன். அந்த யோசனை வந்த வேகத்தைப் பார்த்து, பிசினஸ் என் ரத்தத்திலேயே இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

அவர் பின்வாங்கினார். "நானுங்களா? நான் வேற மதமுங்களே..."

"வேறயாவது ஒண்ணாவது. வருசா வருசம் பொங்கச் சோறு திங்கறீங்கல்ல," என்றார் பூசாரி. "உங்க சாமியவும் கூப்புட்டுக்குங்க. எங்காளு கோவிச்சுக்காது."

அம்மா கேள்வியைச் சத்தமாகச் சொன்னாள். "சாமீ, பட்டறையக் குடுத்துப்போடலாம்னா வெள்ளை குடு. வேண்டாம்னா செகப்புக் குடு." பொட்டலங்கள் காலடியில் விழுந்தன. போர்மேன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தார். கை ஒரு பொட்டலத்தின் மேல் நின்றது, அப்புறம் மற்றதற்குப் போனது. எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். நான் வால்பாறையில் சாய்வு நாற்காலியைக் கிழக்குப் பார்த்துப் போடுவதா மேற்குப் பார்த்துப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. என் செவ்வரளி பத்திரமாக அங்கேயேதான் இருந்தது. அப்படியானால் இது யார் பூ?

"இது எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எப்படின்னா?" என்றாள் என் மனைவி.

வாயை மூடிக்கொண்டேன். கருப்பராயன் ஓர் அற்புதம் செய்துவிட்டது. சுற்றி நின்ற மூன்று பக்தர்களுக்கும் அது சாதாரணச் சம்பவம். இரண்டில் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். அற்புதம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனக்கோ வாயைத் திறக்க வழியில்லை. போர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மிச்சப் பொட்டலத்தை, "நான் கெணத்துல போட்டுடறேனுங்க," என்று பூசாரியிடமிருந்து வாங்கி, கிணற்றுக்குப் போகிற மாதிரிப் போய்ச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் கருப்பராயன் பின்சீட்டில் உட்கார்ந்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. "செகப்புத்தான் வரும்னு எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

"எப்படிம்மா தெரியும்?" காரைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன்.

"அது நம்மாளு. நம்மளுக்குத் தெரியாதா?"

புனே கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசியவர் சென்னைக்காரர், மிகவும் மரியாதையானவர்.

"காரணம் என்னன்னு ரிப்போர்ட்ல போடணும் சார்."

"எங்க சாமி ஒத்துக்கலைங்க."

"நாங்க அவர்கிட்ட நேர்ல ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா சார்?"

"தாராளமாப் பேசலாமுங்க. பதில் வர்றதுதான் சிரமம்."

அடுத்த சில நாள் நான் ஒரு மாதிரி இருந்தேன். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டேன். போன் வந்தால் திட்டாமல் எடுத்தேன். என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பயம் கொஞ்சம் தணிந்த பிறகு மூளை மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. சாமி காலடியில் விழுந்த பொட்டலங்களை மனசில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. "பொட்டலத்தைத் தொட்டியா?" என்று கேட்டால், "ஏன், அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்பார்கள். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் மாட்டுகிறவன் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி காபியோடு இரண்டு பொருளை மேஜையில் வைத்தாள். ஒரு வாடிய வாழையிலைப் பொட்டலம். ஒரு காய்ந்த செவ்வரளி.

"தொவைக்கப் போடறப்பச் சட்டைப் பையில இருந்துச்சுங்க. பூ யாருக்கு வாங்குனீங்க?"

காபி சுட்டது. பயத்தில் அதுவரைக்கும் பிரிக்காமல் விட்டிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே நந்தியாவட்டை, பழுத்துக் கருகியிருந்தது, ஆனால் வெள்ளைதான். ஆக, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அம்மா கட்டிய கணக்குப்படி, நியாயமாக, சாமிக்கு முன்னால் போயிருக்கிறது. நடுவில் நான் செய்த வேலையை மட்டும் யாரோ சத்தமில்லாமல் அழித்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு இடித்தது என்னவென்று புரிந்தது. என் கையில் இருந்த நாரில் காது வைத்த முடிச்சு இல்லை. பூக் கட்டுகிற கை போட்ட முடிச்சு.

"நீதான் மாத்துனியா?"

"முடிச்சை மாத்துனேன். சாமிக்குப் போற பொட்டணத்தை யாராவது ஷூவாட்டக் கட்டுவாங்களா? பாத்தாலே தெரிஞ்சுதுங்க, யாரு கைவேலைன்னு."

"பூவை?"

"பூவை நான் பாக்கவே இல்லீங்க. பிரிக்கறதுக்கு நானென்ன உங்களாட்டமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருசமாகப் பார்க்கிற முகம். ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "எனக்குக் கண்ணு தெரியறதில்லையே சாமி, நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள். அன்று காலையில்தான் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைக் கண்ணாடியில்லாமல் படித்தாள்.

இப்போது என் குழப்பம் இதுதான். சாமி தடுத்திருந்தால் கீழ்ப்படிய வேண்டியதுதான். மனைவி தடுத்திருந்தால் சண்டை போடலாம். அம்மா தடுத்திருந்தால் கெஞ்சலாம். யாரோ கூடையிலிருந்த மாலையில் ஒரு பூவைப் பிய்த்து, இரண்டில் ஒன்றைத் திரும்பச் சிவப்பாக்கிவிட்டு, மிச்சத்தைச் சாமியிடம் விட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அந்தச் சிவப்பைத்தான் அந்தக் கை எடுத்தது. நான் யாருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன்? சாமிக்குப் பாதி, வீட்டுக்குப் பாதியா? பட்டறையில் எனக்கு என்ன பங்கு என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை போர்மேனிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஒரு சக்கரத்தை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரெண்டு பொட்டணத்துலயும் நான் வெள்ளைதானுங்க வெச்சிருந்தேன்."

அவர் அளப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் செகப்பு எப்படிங்க வந்துச்சு?"

"அதுதானுங்க தெரியலை."

"ஓ." சக்கரத்தைத் திருப்பி மறுபக்கம் அளந்தார். "ரெண்டும் வெள்ளைன்னு தெரிஞ்சுதான் என்னைய எடுக்கச் சொன்னீங்களா?"

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு ஜோக் இருக்கும். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு அன்னைக்கு எதை எடுக்கறதுன்னே தெரியலீங்க," என்றார். "இத்தனை பேரு பொழப்பு, என்ற கையை நம்பி முதலாளி குடுத்துட்டாருன்னு ஊட்டுல சொன்னேன்."

மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சாயங்காலம் போகும்போது சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்தார். "நாளைக்கு வரலைங்க. நாளானிக்கும் வரலை. அக்கா ஊட்டுக்குப் போறேன், வால்பாறைக்கு."

"லீவுதானுங்களே?"

"லீவுதானுங்க," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த இரண்டு நாளும் ஏழரைக்கு நான்தான் திறந்தேன். திறந்தேன் என்பது பெரிய வார்த்தை. ஷட்டருக்கு மேலே ஒரு பூட்டு, கீழே இரண்டு, கொத்தில் பதினைந்து சாவி. பின்னால் இருபத்தேழு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் நாள் எட்டு மணியானது. இரண்டாம் நாள் ஏழே முக்கால், முன்னேற்றம்தான். புனேக்காரருக்கு மறுபடியும் போன் போடலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன். போனை எடுத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையிலும் அவர் வருவாரா என்று தெரியாது. சீக்கிரமே போய்விட்டேன். கீழ்ப் பூட்டில் ஒரு சாவியை விட்டுத் திருகினேன், திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருகினேன். பின்னால் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதலாளி," என்றது எனக்குத் தெரிந்த குரல். "அது கக்கூஸ் சாவிங்க."

திரும்பினேன். கூட்டத்தோடு கூட்டமாக, தோளில் மழையில் நனைந்த பையோடு நின்றார். சாவிக்கொத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே தொறங்க," என்றார். "நீளமா இருக்கும் பாருங்க, அது."

கொத்தில் நான்கு சாவி நீளமாக இருந்தன. சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. இருபத்தெட்டுப் பேரும் காத்துக்கொண்டு நிற்க, நான் முதல் நீளச் சாவியை எடுத்தேன்.